தெரிந்தவர்களுக்கு ஒரு பாராட்டு

வாஷிங்டனில் அமர்ந்து அறிவியலுக்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கிறவர்களே, உங்களைப் புகழத்தான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எந்தச் சொல்லையும் நான் திரும்பப் பெறப் போவதுமில்லை.

முதல் புகழ், மண்ணைச் சூடேற்றியதற்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பீட்டர்ஷாம் என்ற சிற்றூரில் ஹார்வர்டு வனம் இருக்கிறது. 1907 முதல் ஆய்வுக்கென்றே காத்து வரும் காடு அது. 1991இல் ஜெர்ரி மெலிலோ என்ற சூழலியலாளரின் குழு அங்கே மண்ணுக்குள் மின்கம்பிகளைப் புதைத்து, பக்கத்து நிலத்தைவிட 5 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும்படி சூடேற்றத் தொடங்கியது. பனிக்காலத்தில் சுற்றிலும் வெள்ளையாகக் கிடக்கையில் அந்தச் சதுரங்களில் மட்டும் பனி உருகிச் சருகு தெரியும். பூமி சூடானால் மண்ணுக்குள் தங்கியிருக்கும் கரிமம் என்ன ஆகும் என்று கண்டறிவதே நோக்கம்.

முதல் பத்தாண்டு மண் கரிமத்தை மளமளவென்று இழந்தது. அடுத்த ஏழாண்டு, சூடேறிய மண்ணுக்கும் சும்மா கிடந்த மண்ணுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2005 வாக்கில் யாராவது ‘போதும், பணம் விரயம்’ என்று கம்பியைப் பிடுங்கியிருந்தால், மண் தானாகவே அடங்கிவிடும் என்ற தவறான ஆறுதல் பாடப்புத்தகம்வரை போயிருக்கும். யாரும் பிடுங்கவில்லை. அதற்கடுத்த ஆறாண்டு மண் மறுபடியும் கரிமத்தை இழந்தது. பிறகு மறுபடியும் ஓய்ந்தது. 26 ஆண்டுக் கணக்கு 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தபோது, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணிலிருந்த கரிமத்தில் 17 விழுக்காடு போய்விட்டது என்று தெரிந்தது. ஒன்றும் நடக்காததுபோல் இருந்த அந்த ஏழாண்டுக்கும் பணம் கொடுத்தீர்களே, அதற்காகவே உங்களைக் கும்பிட வேண்டும்.

இரண்டாவது புகழ், அந்தக் காட்டுக்குள் யாரையெல்லாம் அனுப்பினீர்கள் என்பதற்கு. உங்கள் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவத் திட்டத்தைத் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஓர் ஆய்வு நிலையத்துக்குப் பத்துப் பேர் போல வந்து, எட்டுப் பத்து வாரம் அங்கேயே தங்குகிறார்கள். வாரந்தோறும் உதவித்தொகை உண்டு. ஆளுக்கொரு வழிகாட்டி, ஆளுக்கொரு கேள்வி. கொசுக்கடியிலும் உண்ணிப் பயத்திலும் காட்டில் குனிந்து மண்ணின் மூச்சை அளக்கிற பிள்ளைக்கு, வாழ்நாளில் முதன்முறையாக விடை யாருக்கும் தெரியாத கேள்வி ஒன்று கையில் கிடைக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் அப்படிக் கிடைக்காது. அங்கே விடை பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் இருக்கும்.

பெரிய பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று விதியும் வைத்தீர்கள். ஆய்வு வசதி குறைந்த சிறு கல்லூரிகளிலிருந்தும், ஈராண்டுப் படிப்பு மட்டுமே உள்ள கல்லூரிகளிலிருந்தும் கணிசமானவர்களை எடுக்க வேண்டும் என்றீர்கள். வீட்டில் எவரும் கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைக்கு அந்த உதவித்தொகைதான் கதவு. இல்லையென்றால் கோடை முழுக்க அவள் ஏதாவது ஒரு கடையில் நின்றாக வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சம்பளமில்லாமலும் காட்டுக்குப் போகலாம். இவள் போக முடியாது. இதைப் புரிந்துகொண்டு விதி எழுதிய கையை நான் மெச்சுகிறேன்.

ஆசிரியர்களையும் நீங்கள் விட்டுவிடவில்லை. அதே ஹார்வர்டு வனத்தில் ஜான் ஓகீஃப் என்பவர் 1990 முதல், குறிப்பிட்ட மரங்கள் எந்த நாளில் தளிர்க்கின்றன, எந்த நாளில் இலை உதிர்க்கின்றன என்று ஆண்டுதோறும் நடந்து நடந்து குறித்து வந்தார். அந்த முறையைப் பள்ளி ஆசிரியர்கள் கோடையில் வந்து கற்றுக்கொள்கிறார்கள். திரும்பிப் போய்த் தங்கள் பள்ளி வளாகத்து மரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக் குறிக்கிறார்கள். ஓர் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தால், ஆண்டுக்கு ஒரு வகுப்பே மரத்தடிக்கு வருகிறது.

இதில் எனக்குச் சொந்த லாபம் எதுவுமில்லை. உங்கள் நாட்டுக் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களும்தான் அந்த உதவித்தொகையில் சேர முடியும். இங்கிருந்து அங்கே படிக்கப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆனாலும் அந்தக் காடுகளில் எடுத்த அளவுகளை யாரும் இறக்கிப் பார்க்கும்படி பொதுவில் வைத்தீர்கள். திருநெல்வேலியில் சூழலியல் படிக்கும் மாணவி உங்கள் 1991ஆம் ஆண்டு மண்ணை இன்று தன் கணினியில் ஆராயலாம். அந்தக் கடன் எங்களுக்கு உண்டு.

மூன்றாவது புகழ்தான் பெரியது. நீங்கள் செய்த பிழையை நீங்களே திருத்தியவர்கள். மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் திட்டம் உங்களிடம் 1958லேயே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் சிக்கனம் என்று அதை நிறுத்தினீர்கள். சில ஆண்டுகளில் விளைவு தெரிந்தது. 1986இல் ஹோமர் நீல் என்ற இயற்பியலாளர் தலைமையிலான குழு, இளங்கலை அறிவியல் கல்வி நலிந்து கிடப்பதை எடுத்துச் சொன்னது. மறு ஆண்டே மாணவர் ஆய்வுத் திட்டம் புதுப் பெயரில் திரும்பி வந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் சொந்தச் செலவில் கற்றிருக்கிறீர்கள்.

பொறுமையாக அளந்ததன் பலனையும் கண்டிருக்கிறீர்கள். நியூ ஹாம்ப்ஷயர் மலையில் ஹப்பர்டு புரூக் காட்டில் ஜீன் லைக்கன்ஸும் தோழர்களும் 1963 முதல் மழைநீரைப் பிடித்து அளந்தார்கள். தூய மழையைவிடப் பல மடங்கு அமிலம் அதில் இருந்தது. அங்கும் வேறு இடங்களிலும் ஆண்டாண்டாகச் சேர்ந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1990இல் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தினீர்கள். அமில மழை குறைந்தது. காட்டில் குனிந்து எடுத்த எண் சட்டமாகிப் பின் மழையாகவே திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள்.

அப்படிப்பட்ட நீங்கள்தான் 2025இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பாதியில் முறித்தீர்கள். சுமார் 900 கோடி டாலராக இருந்த அதன் நிதியை 390 கோடியாக வெட்ட வெள்ளை மாளிகை முன்மொழிந்தது. அந்த ஆண்டுக் கோடைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த மாணவர்களிடம் சில நிலையங்கள் ‘இந்த முறை இல்லை’ என்று சொல்ல நேர்ந்தது. ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஆய்வுப் பிரிவையே கலைக்கப் போவதாக அறிவித்தது. அறக்கட்டளையின் நிதி வெட்டை உங்கள் நாடாளுமன்றம் முன்மொழிந்தபடியே ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் புகழுக்குரியதே. ஆனால் அந்தக் கோடை போனதுதான்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் ஆயுதசாலையில் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பழுதில்லாமல் நின்ற வேல்களைப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகச் சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் தொண்டைமானுக்கு உறைத்திருக்கும். உங்கள் காடுகளில் இருக்கும் கருவிகள் அதியமான் வேலைப்போலத் தேய்ந்தவை, சேறு படிந்தவை, மாணவர் கைபட்டு வளைந்தவை. இப்போது நீங்களே அவற்றைத் துடைத்து அலமாரியில் அடுக்கச் சொல்கிறீர்கள்.

எத்தனையோ நாடுகள் அளக்கத் தெரியாமல் காட்டை இழக்கின்றன. மண் 26 ஆண்டில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். மாணவர்களை நிறுத்தினால் என்ன நேரும் என்று தெரியும். ஒரு மழைத்துளியின் அளவு எத்தனை தூரம் போகும் என்றும் தெரியும். அத்தனையையும் பாராட்டிவிட்டேன். இனி ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.