ஓ.எஸ். போடும் அண்ணன்

சொந்தத்தில் யாருடைய லேப்டாப்பாவது திறக்கவே பத்து நிமிஷம் முக்கினால், முதலில் சொல்லி அனுப்புவது ஓ.எஸ். போடும் அண்ணனுக்குத்தான். அவர் கம்ப்யூட்டர் படித்தவரில்லை. கூட்டுறவு சொசைட்டியிலோ இன்ஷூரன்ஸ் ஆபீசிலோ வேலை. படித்த பிள்ளைகள் பெங்களூரிலிருந்து "புதுசு வாங்கிருங்கப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். வீடு தேடி வருகிறவர் அண்ணன்தான்.

வண்டிச் சாவியோடு தொங்குகிற, மூடி தொலைந்த பென்டிரைவ்தான் அவர் அடையாளம். செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிடும்: "ஃபார்மட் அடிச்சிரலாம்க்கா." என்ன கோளாறு என்று கேட்பதெல்லாம் அப்புறம். பிரிண்டர் ஓடவில்லையா? ஃபார்மட். ஸ்பீக்கரில் சத்தமில்லையா? ஃபார்மட். கீபோர்டில் காபி கொட்டிவிட்டது என்றாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வேறு வைத்தியம் சொல்வார்.

"போட்டோவெல்லாம் போயிருமா தம்பி?"

"டி டிரைவைத் தொடவே மாட்டேன்க்கா. சி மட்டும்தான்."

சத்தியமான வார்த்தை. அக்காவின் போட்டோக்கள் டெஸ்க்டாப்பில் இருக்கின்றன, டெஸ்க்டாப் இருப்பது சி-யில். இது அக்காவுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

அவர் முகத்தில் ஒளி வரும் நேரம் ஒன்று உண்டு. மாடி வீட்டுப் பையன் விண்டோஸ் மொத்தமும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. ஃபைலை அப்படியே பென்டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டு "பூட் ஆகலை அங்கிள்" என்று வந்து நிற்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "மூட்டையோட அரிசியை இலையில வச்சா பந்தி நடக்குமாடா?" மெஷின் எழுந்ததும் விண்டோஸைத் தேடாது, தன்னைக் கிளப்பிவிடும் சின்ன ஃபைல் ஒன்று அதற்கென்று குறித்த இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஐ.எஸ்.ஓ.வைப் பிரித்து அந்தந்த இடத்தில் அடுக்குவதற்குத்தான் ரூஃபஸ். 2011-இல் வந்த இந்தக் குட்டி சாஃப்ட்வேருக்கு இன்ஸ்டால்கூட வேண்டாம், காசும் இல்லை. பழைய பயாஸ் மெஷினுக்கு எம்.பி.ஆர்., யு.இ.எஃப்.ஐ. மெஷினுக்கு ஜி.பி.டி. என்று அண்ணன் விளக்கும்போது பையன் தலையாட்டுவான். புரிந்ததா என்பது வேறு விஷயம்.

அடுத்தது பூட் மெனு. டெல்லுக்கும் லெனோவோவுக்கும் எஃப்12, ஹெச்.பி.க்கு எஃப்9, ஆசஸுக்கு எஸ்கேப். அத்தனையும் மனப்பாடம். ஆனாலும் மெஷினை ஆன் செய்ததும் மேல்வரிசை முழுவதையும் தடதடவென்று தட்டுவார். விண்டோஸ் லோகோ வந்து சிரிக்கும். "ஜஸ்ட் மிஸ்" என்று மறுபடி ஆஃப் செய்வார். இப்படியே இரண்டாவது காபி வந்துவிடும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தீபாவளிக்கு ஆறே நாள். வெள்ளையடிக்க ஆள் கிடைக்காத அந்த வாரத்தில் அண்ணனும் கிடைக்கவில்லை. பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கிடையாது. அந்தச் சோதனையைத் தாண்டிவிட ரூஃபஸில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடிக்கும்போது மட்டும் அண்ணன் குரலைத் தாழ்த்துவார், சுவருக்கு அந்தப்புறம் மைக்ரோசாஃப்ட் குடியிருக்கிற மாதிரி. மெஷின் ரொம்பக் கிழம் என்றால் லினக்ஸ் மின்ட். மறுநாள் காலையில் சித்தப்பா போன் செய்வார்: "பிரமாதமா ஓடுதுப்பா. ஆமா, டேலி எங்க?"

ஓ.எஸ். ஏறியதும் வைஃபை வராது. வைஃபை டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். இங்கேதான் அண்ணன் உண்மையிலேயே கெட்டிக்காரர். தன் போனை ஒயரில் சொருகி, தன் டேட்டாவைக் கொட்டி, எல்லா டிரைவரையும் இறக்கிக் கொடுத்துவிட்டே எழுந்திருப்பார். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். வாங்கிக்கொண்டால் நல்லது என்பது என் கட்சி. காசு வாங்கியவன் வேலை முடிந்ததும் போய்விடலாம். வாங்காத பாவத்துக்கு அந்த மெஷின் ஆயுள் முழுக்க அவர் தலையில். ஆறு மாதம் கழித்து மவுஸில் பேட்டரி தீர்ந்தாலும் அக்கா சொல்வார்: "நீ வந்துட்டுப் போனதுலேருந்துதான் தம்பி இப்படி இருக்கு."

அவரைக் கூப்பிடுவதற்கு முன் போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். "பென்டிரைவ் ஒண்ணு இருந்தா குடுங்க" என்று அவர் கேட்டால், கல்யாண வீடியோ இருப்பதைக் கொடுக்காதீர்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று ரூஃபஸ் எச்சரிக்கத்தான் செய்யும். அண்ணன் அதைப் படிக்காமல் ஓ.கே. அடித்துவிடுவார்.