முதல் ரிவால்வர்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்துவிட்டது. குறிபார்த்துச் சுடப் பழகவும் வீட்டுக் காவலுக்கும் முதல் ரிவால்வர் வாங்கப்போகிறேன். எதை வாங்கலாம்?

பதில்: கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று இரண்டு அங்குலக் குழல் உள்ள குட்டியை எடுத்துவிடாதீர்கள். எடை குறையக் குறைய உதை கூடும். ஐந்து குண்டு சுடுவதற்குள் மணிக்கட்டு விடுப்புக் கேட்கும். கனமான எஃகு உடம்பு, நான்கு அங்குலக் குழல், .357 மேக்னம்: ரூகர் ஜிபி100 மாதிரி. 1898இல் பிறந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் அது சுடும். ஒரு வீடு, இரண்டு வாடகைதாரர்கள்! உதையும் விலையும் குறைவு என்பதால் .38இலேயே பழகுங்கள். காதடைப்பான் கட்டாயம். வீட்டில் குழந்தைகள் உண்டா? எழுதவில்லையே. பூட்டுப் பெட்டியை முதலில் வாங்குங்கள், ரிவால்வரைப் பிறகு.