வாடைக்காற்றும் தெற்கு வீட்டு மூக்கும்: முன்பனிக்கால மொட்டைமாடி மணவியல் குறித்து ஓர் ஆய்வு

மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்று பெரும்பொழுதுகளை வகுத்தவர்கள் சொல்லிவைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் மாடியில் மணச்செடி வளர்ப்பவருக்கு எவ்வளவு மணம் மிஞ்சும் என்பதை மட்டும் ஆராயாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை நீக்க முன்வந்திருக்கிறோம். ஆய்வுக்களம்: சென்னைப் புறநகரில் ஒரு மொட்டைமாடி. கருதுகோள்: தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர், முகர்கிறவர் இன்னொருவர்.

இதற்கான முதல் தரவு துவாரகையிலிருந்து வருகிறது. இந்திரலோகத்திலிருந்து கண்ணன் கொண்டுவந்த பாரிஜாத மரம் நின்றது சத்தியபாமையின் தோட்டத்தில். பூ உதிர்ந்தது ருக்மிணியின் முற்றத்தில். கண்ணனின் லீலை என்று பௌராணிகர்கள் இதை முடித்துவிடுவார்கள். செடி வளர்த்துப் பார்த்தவர் யாரும் அந்த விளக்கத்தை ஏற்க மாட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் பாமா குழி தோண்டிவிட்டாள், அவ்வளவுதான். பாரிஜாதம் என்று நாம் கும்பிடும் பவழமல்லி இரவில் மலர்ந்து விடியும்போது உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் மதில் எங்கே இருக்கிறது என்று பூவுக்குத் தெரியாது. ருக்மிணிக்குத் தெரிந்திருக்கும்.

செடித் தேர்வுக்கு வருவோம். இந்தப் பருவத்தின் கொடியையே ஏந்தி நிற்பது டிசம்பர் பூ. ஊதாவும் வெள்ளையுமாகச் செடியே தெரியாமல் பூக்கும். மணம் என்ற துறையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. எனவே நீக்கப்பட்டது. மல்லிகையோ மாசி, பங்குனிக்கு மேல்தான் மனம் வைக்கும். போதாததற்கு, நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்பது வேளாண்மைத் துறையினரின் பரிந்துரை. அதைக் கேட்டு நடந்த நல்ல பிள்ளைகள் மார்கழி முழுக்க மொட்டைக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதுரைச் சந்தையில் கிலோ ஆயிரங்களைத் தாண்டுவதும் சரியாக இந்த நாட்களில்தான்.

மிஞ்சுவது மரிக்கொழுந்து. முன்பனிக்கென்றே பிறந்த செடி என்றால் இதுதான். விதை பொடி மாதிரி இருக்கும். மூச்சு விட்டால் பறக்கும் என்பதால் மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் தை, மாசியில் கொழுந்து கிள்ளலாம். சாம்பல் பூத்த பச்சையில், நுணுக்கமாகக் கிழித்துவிட்டது போன்ற இலை. பூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இலையே மணக்கும். காலையில் ஒரு கொழுந்தைக் கிள்ளினால், மத்தியானம் சாம்பார் சாதம் பிசையும்வரை விரலில் நிற்கும். மணமே இல்லாத கனகாம்பரத்தைக் கதம்பத்தில் ஏற்றிக் கரை சேர்ப்பதும் இதே இலைதான்.

ஆனால் கொழுந்து விடுவதற்கு வெகு நாள் முன்பே மாடி மணக்கத் தொடங்கிவிடுகிறது. 1752-ல் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் மணங்களை ஏழு வகையாகப் பிரித்தார். நல்ல மணங்களோடு பூண்டு வாடை, ஆட்டு வாடை, குமட்டல் ஆகியவற்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்தார். அவர் மாடித்தோட்டம் வைத்திருந்தாரோ என்று ஐயுற இடமிருக்கிறது. ஏனெனில் ஒரு பூ பூப்பதற்குள் இந்த மூன்றும் இங்கே வந்தாயிற்று: பூச்சிக்கு இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல், அடியுரமாக ஆட்டு எரு, அதற்கு மேல் மீன் அமிலம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் போட்டு மூடி வைத்தால், பக்குவமானதும் பழ வாசனை வரும் என்பார்கள். பக்குவமாகும்வரை அதன் பக்கத்தில் யார் குடியிருப்பது என்று சொல்ல மாட்டார்கள். கருதுகோளின்படி இந்த வாடையும் தெற்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாளி மாடிப்படி ஓரம் இருந்ததால் நேரே நம் சமையலறைக்கு இறங்கிவிட்டது. இது விதிவிலக்கா, விதியின் இரண்டாம் பகுதியா என்று குடும்பத்தில் விவாதம் நடக்கிறது.

அளவுகருவி மூக்கு. நாசித் துவாரம் இரண்டும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி ஓய்வெடுக்கின்றன என்று 1895-ல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். மார்கழியில் இரண்டும் சேர்ந்தே ஓய்வெடுக்கும் என்பது நம் பக்கத்துப் பங்களிப்பு. பற்றாக்குறைக்கு, குளிரில் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாவதும் குறைந்துவிடுகிறது. இதையெல்லாம் மீறி வருகிற மணமும் செடிக்கு நடுவில் கால் மணி நேரம் நின்றவருக்கு உறைக்காது; மூக்கு பழகிப்போயிருக்கும். தெற்கு வீட்டு அம்மா அப்போதுதான் வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிறார். பழகாத மூக்கு, சளியும் இல்லை. போதாக்குறைக்கு வடக்கிலிருந்து வாடை. “என்ன சார், உங்க மாடி கமகமன்னு இருக்கே!” என்று அவர் கூப்பிட்டுச் சொல்லும்போதுதான் செடி மணக்கிற செய்தியே நமக்குத் தெரியவருகிறது.

தீர்வு எளிது. தொட்டிகளை வடகிழக்கு மூலைக்கு நகர்த்தினால் வாடை அந்த மணத்தை மாடி முழுக்க இழுத்துவந்து நம்மிடமே சேர்த்துவிடும். ஆனால் வடகிழக்கு ஈசானிய மூலை. அங்கே பாரம் ஏற்றக் கூடாது என்று மாமியார் வாஸ்துவின் பெயரால் தடையாணை பிறப்பித்தார். மண்தொட்டியைக் கைவிட்டு, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளில் செடியை மாற்றி, ஒரு பையை அவர் கையிலேயே கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்ன பிறகு அனுமதி கிடைத்தது. இப்போது மரிக்கொழுந்து ஈசானியத்தில் செழிப்பாக இருக்கிறது. அதற்கும் நமக்கும் நடுவே துணிக்கொடி. கொடியில் பகல் முழுக்க மாமியாரின் போர்வை காய்கிறது. இரண்டு நாளாக நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.