ஒரு டாலருக்கு நிலம் வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர். அதன் ஊர்க்குழுவில் நீங்கள் உறுப்பினர். ஊருக்கு நடுவே மாநில அரசின் நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. மாநிலத் தலைநகர் பாஸ்டனுக்குப் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு இன்னும் பால்மணம் மாறவில்லை. அரசு நிலம் கைமாறப் பொதுவாக அதற்கென்று தனிச் சட்டமே போட வேண்டும்.

முதலில் உங்கள் தொகுதியின் சட்டசபை உறுப்பினரைப் பிடியுங்கள். பொதுச் சட்டங்களின் 7சி அத்தியாயம், 33 முதல் 37 வரையுள்ள பிரிவுகளில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இந்த நிலத்தை இந்த ஊருக்குக் கொடுக்கலாம் என்றுதான் அவர் போடும் மசோதா ஆரம்பிக்கும். அரசு நிலத்தை எப்படி விற்பது என்று மெனக்கெட்டு விதி எழுதியவர்கள் அதே சபைக்காரர்கள்தாம். இதையெல்லாம் கேள்வி கேட்காதீர்கள்.

அடுத்து நில அளவை. பழைய பத்திரத்தில் எல்லை ஒரு கற்சுவரில் தொடங்கி ஓக் மரத்தில் முடியும். சுவர் இருக்கும். மரத்தைத் தேடுங்கள்.

அந்த இடத்தில் எப்போதாவது பூங்கா இருந்ததா? மூச்சுவிடாதீர்கள். (எப்படியும் தெரிந்துவிடும்.) 1972-இல் வந்த 97-ஆம் மாநில அரசியல் சட்டத் திருத்தப்படி, இரு அவைகளிலும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாக்களித்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்க வேண்டும். 2022-இல் வந்த சட்டமோ பதிலுக்கு வேறு நிலம் எங்கே என்று கேட்கிறது. ஒரு நிலத்துக்கு அலைந்த நீங்கள் இனி இரண்டுக்கு அலையலாம்.

விலை ஒரு டாலர் என்று மசோதாவில் பார்த்ததும் துள்ளாதீர்கள், கீழே படியுங்கள். சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்தாவிட்டால் நிலம் அரசுக்கே திரும்பும் என்று ஒரு வரி இருக்கும். நூலகம் கட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டால், டாலரும் போச்சு, நிலமும் போச்சு.

சபையின் ஆயுள் இரண்டே ஆண்டு. அதற்குள் நிறைவேறாத மசோதா செத்துப்போகும். துக்கம் வேண்டாம், தேதியை மாற்றி மறுபடி போடுங்கள்.

மனம் தளர்ந்தால் மெட்ஃபீல்ட் என்ற ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 1896-இல் திறந்த அரசு மனநல மருத்துவமனை அங்கே 2003-இல் மூடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி அங்கே வந்து 'ஷட்டர் ஐலண்ட்' படம் எடுத்து, அது 2010-இல் திரைக்கும் வந்துவிட்டது. மருத்துவமனை நிலம் ஊரின் கைக்கு வந்தது 2014-இல், விலை 31 லட்சம் டாலர்.

ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரிதான் மசோதா போடும் மாதம். நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.