சக்திமான் அங்கிளின் பொங்கல் ஸ்பெஷல்

அத்திப்பட்டு என்று சொன்னால், "காணாமப் போன ஊராச்சே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 2001-இல் வந்த 'சிட்டிசன்' படத்து அத்திப்பட்டி. எங்களுடையது அத்திப்பட்டு. வரைபடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கிறது. வடசென்னை, வல்லூர் என்று இரண்டு அனல்மின் நிலையங்கள், பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம், எந்நேரமும் லாரி. இந்த ஊரில் காணாமல் போனது ஒன்றே ஒன்றுதான் என்பார் எங்கள் தெரு சக்திமான் அங்கிள். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வயது நாற்பதைத் தொடும் தூரத்தில் இருக்கும். பேச்சு "அப்பல்லாம்" என்று ஆரம்பிக்கும். வீட்டில் 55 அங்குல டிவி இருக்கும். அதில் ஓடுவதையெல்லாம் பார்த்து, "இதெல்லாம் ஒரு புரோகிராமா?" என்று கேட்டுக்கொண்டே முழுசாகப் பார்ப்பார். எங்கள் அங்கிளுக்கு 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடிய 'சக்திமான்' தொடரோடு தொலைக்காட்சியின் வரலாறு முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்ததெல்லாம் விளம்பர இடைவேளை.

சும்மா ஏங்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். வருஷா வருஷம் காணும் பொங்கலன்று, தெருப் பிள்ளைகளைத் திரட்டி, தன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு 'எபிசோடை' அப்படியே நடத்திக் காட்டுவார். 'அப்படியே' என்பதுதான் அவருடைய வியாதி. சக்திமானின் மெரூன் உடைக்காக மீஞ்சூர் கடைத்தெருவில் ஏழு கடை ஏறி இறங்கினார். தைத்துக் கொடுத்தவர் ஜாக்கெட் தைக்கிற டெய்லர். அளவெடுக்கும்போது, "லைனிங் வைக்கவா சார்?" என்று மட்டும் கேட்டாராம். மார்பில் மின்னும் பொன்னிறத் தகடு, பிரியாணி பார்சல் தட்டுக்குத் தங்கப் பெயின்ட் அடித்தது. வெயிலில் நின்றால் லேசாகப் பட்டை வாசம் வரும். வில்லன் நுழையும் காட்சிக்குப் புகை வேண்டுமென்று ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்தார். அத்திப்பட்டில் காசு கொடுத்துப் புகை வாங்கிய முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

சக்திமான் வேஷம் யாருக்கு என்ற கேள்வியே எழாது. "இந்த வயசுல எதுக்குங்க?" என்று வீட்டம்மா ஒருமுறை கேட்டார். "முகேஷ் கன்னா இந்த வேஷம் போட்டப்ப அவருக்கு என்ன வயசு தெரியுமா? முப்பத்தொம்பது. எனக்கும் அதேதான்" என்றார் அங்கிள். கணக்கு சரி. அந்த அம்மா அதன்பிறகு வயதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மாலேகானைச் சொல்லித்தான் அங்கிள் சமாளிப்பார். மகாராஷ்டிரத்தில் விசைத்தறிகள் நிறைந்த ஊர் அது. நாசிர் ஷேக் என்பவர் உள்ளூர் ஆட்களை வைத்தே 'ஷோலே'யை மறுபடி எடுத்தார். பிறகு விசைத்தறித் தொழிலாளி ஒருவரை சூப்பர்மேனாக்கிப் பறக்கவிட்டார். அந்தக் கூத்தை ஃபைசா அகமது கான் ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறார். "அவங்களால முடியும், நம்மால முடியாதா?" என்று போனில் அந்தப் படத்தை அங்கிள் காட்டினார். வீட்டம்மா உன்னிப்பாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த சூப்பர்மேன் ஒல்லியா இருக்காரு. கயிறு தாங்கிச்சு."

பறப்பது அத்தோடு ரத்தானது. சக்திமானின் சுழற்சி மட்டும் மிஞ்சியது. ஒரு கையை மேலே நீட்டிப் பம்பரமாகச் சுற்ற வேண்டும். பழைய ஆபீஸ் நாற்காலியின் சுழலும் அடிப்பாகத்தில் பலகை வைத்து, அங்கிள் ஒத்திகை பார்த்தார். ஏழாவது சுற்றில் நின்றவர், எதிர்வீட்டு ஆயாவைப் பார்த்து "கீதா" என்றார். அது தொடரில் வருகிற பத்திரிகை நிருபரின் பெயர். ஆயா இன்றுவரை அந்தப் பக்கம் கோலம் போடுவதில்லை.

அடுத்தது வசனம். தொடர் இந்தியில் வந்தது. அங்கிளுக்கு வசனமெல்லாம் ஒலி பிசகாமல் மனப்பாடம், அர்த்தம்தான் ஒன்றும் தெரியாது. எட்டு வருஷம் அப்படியே பார்த்து, தேவையான இடத்தில் அழுதுமிருக்கிறார். மொழிபெயர்க்க வந்தவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பீகார்க்கார வெல்டர். டீக்கடையில் அங்கிள் வாய்விட்டு வசனம் சொன்னபோது, பின்னாலிருந்து அடுத்த வரியைச் சொன்னவர். அவருக்கும் அதே வயது, அதே ஞாயிற்றுக்கிழமை. "எங்க ஊர்ல அப்போ கரண்ட் இல்லை பாய். டிராக்டர் பேட்டரில டிவி ஓட்டுவோம்" என்றார்.

அவர் புண்ணியத்தில்தான் இருள் அரசன் கில்விஷ் அடிக்கடி முழங்கும் வரிக்கு அர்த்தம் கிடைத்தது: இருட்டே நிலைக்கட்டும். அங்கிள் முகம் சிவந்துவிட்டது. அவர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். "இத்தனை வருஷமா இதையா அவன் சொல்லிட்டிருந்தான்? ராஸ்கல்!"

பிள்ளைகளோடும் பாடுதான். தொடரின் கடைசியில் தப்பு செய்த பிள்ளை சக்திமானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன், "நான் என்ன அங்கிள் பண்ணேன்? சாரி எதுக்கு?" என்று மறுத்துவிட்டான். கடைசியில் ஒரு ஃபைவ் ஸ்டாருக்கு இறங்கி வந்தான். அந்தக் காலத்தில் சக்திமான் காப்பாற்ற வருவார் என்று நம்பிப் பிள்ளைகள் விபரீதம் செய்வதாகச் செய்தி பரவி, முகேஷ் கன்னாவே திரையில் வந்து புத்தி சொன்னார். அதையும் அங்கிள் விடவில்லை. தொடங்குமுன் மைக்கைப் பிடித்து, "யாரும் மாடியிலேர்ந்து குதிக்கக் கூடாது" என்று அறிவித்தார். மாடியில் இருந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இந்த வருஷம் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம். சீரியல் லைட், ஸ்பீக்கர், புகை மெஷின், இரண்டு பெடஸ்டல் ஃபேன் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியவர், மறுபடி சொல்கிறேன், எலக்ட்ரீஷியன். கில்விஷாக நடித்த ஆறாம் வகுப்புப் பொண்ணு புகைக்குள்ளிருந்து வந்தாள். அங்கிள் பலகையில் ஏறினார். மூன்றாவது சுற்றில் 'டப்'பென்று ஒரு சத்தம். மொத்த வீடும் இருட்டு.

உடனே நாலைந்து செல்போன்கள் வெளியே வந்தன. ஒரு பெரியவர், "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்குற ஆளு வீட்டுலயே இப்படியா?" என்றார். வெல்டர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். பிள்ளைகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தன் மடியில் ஒருத்தி கால் வைத்தபடி, மேடை இருந்த திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எந்த நிமிஷமும் படம் திரும்ப வந்துவிடும் என்பதுபோல.

அங்கிளின் குரல் திடீரென்று மாறியது. எட்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே டிவி முன்னால் நெருக்கியடித்து, கரண்ட் போனாலும் வீட்டுக்குப் போகாமல் கருப்புத் திரையை முறைத்துக் கிடந்த மத்தியானத்தை அவர் அந்த இருட்டில் பார்த்துவிட்டார். உடையும் புகையும் கொண்டுவர முடியாததை, உருகிப்போன ஃபியூஸ் கொண்டுவந்திருந்தது.

"யாரும் டார்ச் அடிக்காதீங்க! ஃபியூஸையும் போடாதீங்க! ரெண்டு நிமிஷம், இருட்டாவே இருக்கட்டும்!"

மேடை மூலையிலிருந்து கில்விஷ் கோபமாகக் கத்தினாள்:

"அங்கிள், அது என் டயலாக்!"