ரூபாய்க்கு 45 பைசா

பழைய பேப்பர்காரர்கூட எடைக்கல்லைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் படிப்பை மொத்தமாக எடைக்குப் போட்டவர்கள் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. மாணவர்கள் கட்டாமல் நின்ற கல்விக் கடன் 847 கோடி ரூபாயை, அனில் அம்பானி குழுமத்தின் ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு 381 கோடிக்குத் தள்ளிவிட்டது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா. விஷயம் 2016இல் வெளியே வந்தது. ரூபாய்க்கு 45 பைசா! இந்த விலையைக் கடன் வாங்கிய பிள்ளையிடமே முதலில் சொல்லிப் பார்ப்போம், தாலியை அடகு வைத்தாவது கட்டிவிடுவார்களே என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை போலும். வாங்கிய கம்பெனிக்கு 45 பைசா. படித்த பிள்ளைக்கு முழு ரூபாய், வட்டி தனி.

அந்த ஆண்டு ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். வசூல் ஏஜெண்டுகளின் நெருக்கடிதான் காரணம் என்றது குடும்பம். அவர் செய்த தவறு, லட்சக்கணக்கில் கடன் வாங்கியது. கோடிக்கணக்கில் வாங்கத் தெரிந்த விஜய் மல்லையா அதே ஆண்டு மார்ச் 2ஆம் தேதி சாவகாசமாக லண்டனுக்கு விமானம் ஏறினார். 17 வங்கிகளுக்கு 9,000 கோடிக்கு மேல் பாக்கி. அந்த வங்கிக் கூட்டத்துக்குத் தலைமை இதே ஸ்டேட் பாங்க். பிற்பாடு அவருடைய சொத்துகளை விற்றுப் பணத்தை எடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்த ஏஜெண்டும் மல்லையாவின் பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போட்டு, "உங்க தெருவுல மல்லையானு ஒரு பையன் இருக்கானே, கடன் வாங்கிட்டு ஏமாத்துறானே, தெரியுமா?" என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு, அரசே சொன்னது. 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் கடன் மட்டும் 7.40 லட்சம் கோடி. "ஏட்டிலிருந்து எடுத்தோமே தவிர தள்ளுபடி செய்யவில்லை, வசூல் தொடர்கிறது" என்று வங்கிக்காரர்கள் பொறுமையாக விளக்குவார்கள். அந்தப் பொறுமையில் கால் பங்கு, கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த ஒரு கொத்தனார் வீட்டு வாசலுக்கும் வந்திருந்தால் சில பிள்ளைகள் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

கடன் கிடைக்கும் அழகையும் பார்த்துவிடுவோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் திட்டப்படி 4 லட்சம் வரை ஜாமீனும் வேண்டாம், சொத்துப் பத்திரமும் வேண்டாம். விதி அவ்வளவு தாராளம். அந்த விதி கிளை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டுவதற்குள் என்ன ஆகிறதோ! "உங்க ஊர் எங்க பிராஞ்ச் லிமிட்ல வராதே" என்பார்கள். எந்த பிராஞ்சில் வரும் என்று கேட்டால் அங்கே போய்க் கேட்கச் சொல்வார்கள். அங்கே போனால் மேனேஜர் லீவு. போனஃபைட், ஃபீஸ் ஸ்ட்ரக்சர், வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, அப்பாவின் பான் கார்டு என்று எல்லாம் சேர்த்துக்கொண்டு போனால் சர்வர் டவுன். கடைசியாக அப்பாவின் சிபில் ஸ்கோர் வரும். எந்தக் காலத்திலோ டூவீலர் கடனில் இரண்டு தவணை தவறியிருப்பார். அதற்காக மகள் நர்சிங் படிக்கக் கூடாது. சிபில் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லித்தான் பார்த்தது. அதே கிளையில் கார் கடனுக்குத் தனி மேஜை, தனி நாற்காலி, காபி. பல வங்கிகளில் வட்டியும் கல்விக் கடனைவிடக் குறைவு. காரைப் பிடுங்கி விற்கலாமாம், படிப்பைப் பிடுங்க முடியாதாம். நியாயம்தான். ஆளைப் பிடுங்கலாம் என்பது பிறகுதானே தெரிந்தது.

இப்படி இழுத்துப் பிடித்து வாங்கிய பணத்தை அந்தப் பிள்ளை கண்ணால் பார்ப்பதில்லை. வங்கியிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். அங்கே அதை வாங்கிக்கொள்பவர் கல்வித் தந்தை. ஆகப் பிள்ளைக்கு இரண்டு தகப்பன்மார்: ஒருவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவர், மற்றவர் பணத்தை எண்ணுபவர். இரண்டாமவருக்கு லாப நோக்கமே கிடையாது, அறக்கட்டளைதான். அறம் ஆண்டுதோறும் ஒரு மாடி உயர்கிறது.

தமிழ்நாடு அரசின் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது, கவுன்சிலிங்கில் சேரும் பொறியியல் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற படிப்பென்றால் 55,000. ரசீதில் அதுதான் இருக்கும். பஸ், விடுதி, யூனிஃபார்ம், லேப், 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' எல்லாம் துண்டுச் சீட்டில். அந்தக் காசுக்குப் பாடம் நடத்த ஆளாவது இருந்தார்களா? ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது, இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இந்தக் கூத்து நடக்கிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் ஆதாரத்தோடு வெளியிட்டது. கொத்தனார் ஒரே ஊரில்தான் இருக்கிறார் என்பதற்கு ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில் மூன்றும் கேட்கிறது வங்கி. பேராசிரியர் பத்து ஊரில் இருக்கலாம், விஷயம் வெளியே வரும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாலு வருடம் முடிகிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், 11 சதவீத வட்டி என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனிவட்டியே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும், குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், வங்கி மறக்காமல் விண்ணப்பித்திருந்தால். மறந்திருந்தால் பத்து ஆண்டுத் தவணைக்கு மாதம் ஏறக்குறைய 7,600. கட்டி முடிக்கும்போது ஒன்பது லட்சத்துக்கு மேல் போயிருக்கும். பையனுக்கு ஐ.டி. கம்பெனி கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கும் புதியவர்களுக்கான சம்பளம் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நொண்டுகிறது. கிடைக்காதவன் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

அவனுக்கும் சலுகை இல்லாமல் இல்லை. கட்டும் வட்டிக்கு 80ஈ பிரிவில் வருமான வரி விலக்கு உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் வேண்டும், அவ்வளவுதான். புதிய வரி முறைக்குப் போனால் அதுவும் இல்லை. 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று ஒரு திட்டம் வந்தது. தரவரிசையில் முந்திய கல்வி நிறுவனங்களுக்கு மட்டும், தொடக்கத்தில் 860. ஏற்கெனவே நல்ல கல்லூரியில் இடம் பிடித்தவனுக்கு இன்னொரு கை. கடைசி ரவுண்டு கவுன்சிலிங்கில் மிச்சமிருந்த கல்லூரியை எடுத்தவனுக்கு லட்சுமியும் இல்லை, வித்தையும் இல்லை.

கட்சிகள் மட்டும் என்ன குறை வைத்தன? வேலை கிடைக்காதவர்களின் கல்விக் கடனை அரசே கட்டும் என்று 2016இல் அ.தி.மு.க. சொன்னது. முப்பது வயதுக்குட்பட்டவர்களின் கடன் தள்ளுபடி என்று 2021இல் தி.மு.க. சொன்னது. இரண்டு கட்சியும் ஜெயித்தன. முப்பது வயதுக்குள் இருந்தவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு தீர்வுதான். இரண்டு கட்சியிலும் கல்வித் தந்தையர் மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நம்புவோமாக.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அரசுக்குப் பைசா செலவில்லை. 4 லட்சத்துக்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கும் வங்கிகள் உண்டு. எதற்கு அந்தக் கொத்தனார் தன் மச்சான் காலில் விழ வேண்டும்? கல்லூரிச் சேர்மனையே கேளுங்கள். பைபாஸ் நெடுக '100% பிளேஸ்மென்ட்' என்று ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர் அவர்தானே? தன் பட்டத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர் தயங்க மாட்டார். பையனுக்கு வேலை கிடைக்காவிட்டால் தவணையை அவர் கட்டட்டும். அவருடைய பான் கார்டு நகல் இரண்டு, மூன்று வருட வரிக் கணக்கு, தாசில்தார் கையெழுத்திட்ட வருமானச் சான்று எல்லாம் கேட்டு வாங்குங்கள். வந்தால் பெஞ்சில் உட்கார வையுங்கள். உங்க காலேஜ் எங்க பிராஞ்ச் லிமிட்ல வராதே என்று சொல்லி அனுப்புங்கள்.