மொட்டைமாடி மிராசுதார்

என் படுக்கையறைக்கு நேர் மேலே ஒருவர் விவசாயம் செய்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம்தான். அதில் இறங்கிய ஓதம் இந்திய வரைபடம் மாதிரி படர்ந்திருக்கிறது. போன பாசனத்தில் கன்னியாகுமரி வரை வந்துவிட்டது. இலங்கைக்காகக் காத்திருக்கிறேன்.

சிறுசேரிப் பக்கம் இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். ஓ.எம்.ஆரில் நாவலூர் தாண்டி கேளம்பாக்கம் வரை எந்த அடுக்ககத்தை வேண்டுமானாலும் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் பச்சை நிழல்வலை தெரிந்தால் அதன் அடியில் ஒரு மிராசுதார் இருக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் 2020 ஊரடங்கில் முளைத்தவர்கள். அந்த வருஷம் வீட்டில் அடைபட்ட சிலர் ரொட்டி சுட்டார்கள், சிலர் தாடி வளர்த்தார்கள். ஆபீஸ் திறந்ததும் ரொட்டி நின்றது, தாடி போனது. மாடிக்கு ஏறிய குரோ பேக் மட்டும் இறங்கவே இல்லை.

ஆரம்பத்தில் எல்லோரும் தக்காளி, கத்தரி, வெண்டைதான். அதில் ஒரு குறை உண்டு. வெண்டைச் செடி காய்த்தால் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். மக்காச்சோளம் அப்படியில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டி ஆறடி நிற்கும். கீழே சாலையில் போகிறவன் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பான். சாதாரண மாடித்தோட்டக்காரர் மிராசுதாராகப் பதவி உயர்வு பெறுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் மிராசுதார் குடியிருப்பது இரண்டாவது மாடியில். பகலில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மேனேஜர். ஆடி பிறந்ததும் வைக்கோல் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆன்லைனில் வந்த களைக்கொத்தி சகிதம் லிஃப்டில் ஏறினார். கான்கிரீட் தளத்தில் சேறு எங்கே இருக்கிறது என்று நான் பூட்ஸைப் பார்த்தேன்.

"ஸ்வீட் கார்ன் சார். பதினாறு செடி. நாட்டு விதை" என்றார். பதினாறும் பெற்றால் பெருவாழ்வு என்ற கணக்கு போலும். கையிலிருந்த பாக்கெட்டில் ஹைப்ரிட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"சங்க காலத்துலேர்ந்து நம்ம ஆளுங்க சாப்பிட்டது சார் இது!"

மக்காச்சோளத்தின் பிறந்த வீடு மெக்சிகோ. கொலம்பஸ் அந்தப் பக்கம் போய்வந்த பிறகுதான் அது இந்தப் பக்கத்துக் கண்டங்களைப் பார்த்தது. நம் பாட்டன்மார் கூழ் காய்ச்சிய சோளம் வேறு, இது வேறு. கோவளம் கடற்கரையில் சுட்ட கதிர்மேல் தேய்க்கிற மிளகாய்த்தூளும் அதே திசையிலிருந்து வந்த சரக்குதான். அந்த எலுமிச்சை மூடி ஒன்றுதான் ஆசியாக்காரன். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது மாடி வந்துவிட்டது.

இங்கே எங்கள் இரவு வாட்ச்மேனை அறிமுகப்படுத்த வேண்டும். அவர் பெரம்பலூர்ப் பக்கம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிற மாவட்டம். தனக்குக் கீழே ஒரு நிபுணர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரியவந்ததும் மிராசுதார் உற்சாகமாக இறங்கி வந்தார்.

"அண்ணே, உங்க ஊர்ல இத எப்படிச் சாப்பிடுவீங்க? வேக வெச்சா, சுட்டா?"

"நாங்க எங்க சார் சாப்பிடறது? லாரி ஏறி நாமக்கல் போயிடும். கோழி சாப்பிடும்."

மிராசுதார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மண் தேவைப்பட்டது.

"செம்மண்ணுதானே சார்? தாழம்பூர் பக்கம் என் மச்சான் டிராக்டர் ஓட்டறான். மூட்டை நூத்தம்பது. உங்களுக்காகச் சொல்றேன்."

மண் வந்தது. பின்னாலேயே ஆட்டு எரு வந்தது. அப்புறம் வேப்பம் புண்ணாக்கு, அதற்குத் தனி விலை. பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிக் குவித்திருந்த மண்ணுக்கும் இந்த மூட்டை மண்ணுக்கும் நிறம் அப்படியே ஒத்துப்போனது. ஆனால் விவசாயிகள் நடுவே நான் நுழையவில்லை. மிராசுதார் எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றினார்: தென்னை நார்க்கழிவு இவ்வளவு, மண்புழு உரம் இவ்வளவு, பஞ்சகவ்யம் இவ்வளவு. கூட்டுத்தொகை ஐந்து இலக்கத்தைத் தொட்ட அன்று அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் மறைத்து வைத்துவிட்டார். 'இயற்கை விவசாயம் லாபகரமானது' என்று அன்று ராத்திரிதான் ஸ்டேட்டஸ் போட்டார்.

முளைத்த பத்தாம் நாளிலிருந்து அவருடைய பேச்சு மாறிவிட்டது. 'நான்' போய் 'நாங்க' வந்தது. "மழை இல்லைன்னா நாங்க என்ன சார் பண்றது?" என்பார். மழை பெய்தால், "இப்படிப் பெஞ்சா நாங்க எங்க போறது?" என்பார். கோடையில் எங்கள் அடுக்ககம் உயிர் பிழைப்பதே டேங்கர் லாரியில்தான். அதனால் தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. காவிரிப் பிரச்சினையில் கூட அவ்வளவு கடிதம் போயிருக்காது. கடைசியில் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளுகிற தண்ணீரை வீடு வீடாகக் குடத்தில் பிடித்தார். எங்கள் வீட்டு வாசலிலும் காலையில் ஒரு வாளி இருக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்பு மக்காச்சோளத்துக்கு ஆகாது. இலை நுனியெல்லாம் கருகியது.

அப்போதுதான் அவரை ஒரு டாக்டராகப் பார்த்தேன். இலையின் ஓரம் காய்ந்தால் சாம்பல் சத்து இல்லை. நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் இறங்கினால் தழைச்சத்து இல்லை. ஊதா ஓடினால் மணிச்சத்து. வீடியோவில் சொன்ன எல்லா நோயும் தன் செடிக்கு இருக்கிறது என்று தீர்மானித்து எல்லாவற்றுக்கும் ஒரே வேளையில் மருந்து கொடுத்தார். உப்புத் தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை.

ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேலிருந்து ஓர் அலறல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். மிராசுதார் நெற்றியில் கட்டிய டார்ச்சோடு நின்றார். குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம். விலக்கிப் பார்த்தால், தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்தோடு ஒரு புழு. படைப்புழுவேதான். அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, 2018 மே மாதம் கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் முதன்முதலாகக் கண்ணில் பட்டு, அதே வருஷம் நம் மாநிலத்துக்கும் வந்து மக்காச்சோளக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கிய புழு. அது லிஃப்ட் இல்லாமல் நாலு மாடி ஏறி வந்திருக்கிறது. தாய் அந்துப்பூச்சிக்கு இறக்கை உண்டு என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இங்கிருந்து பார்த்தால் தெரிகிற டி.சி.எஸ். வளாகத்தைப் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். எங்கள் மிராசுதார் பயப்படாத ஒரே பூச்சி அதுதான்.

வேப்பெண்ணெய்க் கரைசலா, வசம்புக் கரைசலா என்று அவர் போனில் தேடிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்தார். புழுவை இரண்டு விரலால் எடுத்து நசுக்கினார். ஒரு பிடி மணலைக் குருத்துக்குள் போட்டார்.

"எங்க ரெண்டு ஏக்கரத் தின்னுட்டுப் போனவனோட பேரன் சார் இவன்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் மணல் மூட்டை வந்தது. அதற்கு நூற்றி இருபது.

செடி எப்படியோ வளர்ந்தது. உச்சியில் ஆண் பூங்கொத்து குஞ்சம் மாதிரி விரிந்தது. நடுத்தண்டில் கதிர் சுருண்டு, நுனியில் பச்சைப் பட்டு இழையாக வெளியே வந்தது. மக்காச்சோளத்தின் கல்யாணம் காற்று பண்ணிவைக்கிற கல்யாணம். மேலேயிருந்து மகரந்தம் உதிர்ந்து இந்த இழையில் ஒட்ட வேண்டும். ஓர் இழைக்கு ஒரு முத்து. எந்த இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ, அந்த இடம் பொக்கை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இதை நாலு வரிசையாகச் சேர்த்துக் கூட்டமாக நடுவார்கள். நம்மவர் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டில் சொன்ன 25 சென்டிமீட்டர் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து, அதே கையேடு சொல்கிற வரிசைகளை விட்டுவிட்டு, பதினாறையும் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒற்றை வரிசையில் நிறுத்தியிருந்தார், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி. சாலையிலிருந்து பார்க்க அதுதான் அழகு. கடல் காற்று வீசியது. சிறுசேரியின் மகரந்தம் எல்லாம் தாழம்பூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

விஷயம் புரிந்த ராத்திரி பதினொன்றரைக்கு என் தலைக்கு மேல் யானை நடந்தது. ஒவ்வொரு பையாக இழுத்து நாலுக்கு நாலாக அவர் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பதினாறு இழுவை. எண்ணினேன்.

மறுநாளிலிருந்து காலை ஒன்பதரை மணிக்கு அவரே காற்றானார். பனி காய்ந்த பிறகுதான் மகரந்தம் உதிருமாம். அதே நேரத்தில்தான் அவருக்கு ஆபீஸ் ஸ்டேண்ட்-அப் மீட்டிங். காதில் ஹெட்செட், ஒரு கையில் காகிதப் பை, மறு கையில் வீட்டம்மாவின் மேக்கப் பிரஷ். துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன். குஞ்சத்தைப் பைக்குள் விட்டு மெல்லத் தட்டினார். மஞ்சள் தூள் விழுந்தது. அதைப் பிரஷ்ஷில் தொட்டு, நெற்றியில் திருநீறு வைக்கிற பக்தியோடு ஒவ்வொரு பட்டுக் குஞ்சத்திலும் தடவினார். அமெரிக்காவில் யாரோ ஏதோ கேட்டார்கள் போல.

"நோ பிளாக்கர்ஸ் ஃப்ரம் மை சைடு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து மைக்கை மூடிக்கொண்டு, "காத்துதான் சார் ஒரே பிளாக்கர்" என்றார்.

கதிர் பிடித்தது. உடனே கிளி வந்தது.

புனம் காத்த வள்ளியின் கணவன் எங்களுக்குப் பக்கத்தில் திருப்போரூரிலேயே இருக்கிறார். வள்ளிக்குப் பரண் இருந்தது, கவண் இருந்தது, கிளி விரட்டத் தோழிகள் இருந்தார்கள். நம்மவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் பழைய சி.டி.க்களும். வள்ளியைத் தேடி வேலன் வந்தான். இவரைத் தேடிச் சங்கச் செயலாளர் வந்தார், வடாம் காயப்போட இடமில்லை என்கிற புகாரோடு. பழைய கேசட் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் விர்ரென்று சத்தம் போடும், கிளி அண்டாது என்று வாட்ச்மேன் சொன்னார். ஊரில் அப்படித்தானாம். கேசட் வைத்திருக்கிற கடைசி மனிதன் நான். எண்பதுகளின் பாட்டு ஒரு பக்கம் முழுக்க மாடியில் கட்டப்பட்டது. கிளிகள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டன. நல்ல ரசனை.

ஆகவே சோளக்கொல்லைப் பொம்மை. துடைப்பக்கட்டையில் ஹெல்மெட்டை மாட்டி, போன கம்பெனியின் டி-ஷர்ட்டைப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டைக் கயிற்றையும் தொங்கவிட்டார். இரண்டு வாரம் எங்கள் கட்டடத்தில் தவறாமல் ஆபீஸ் உடையில் நின்றது அந்த ஒருவர்தான். எதிர் பிளாக்கிலிருந்து ராத்திரி எனக்கு மூன்று போன். "சார், உங்க மாடி ஓரத்துல ஒரு பையன் ரொம்ப நேரமா நிக்கிறான். வேலை கீலை போயிடுச்சா? கொஞ்சம் பேசிப் பாருங்க."

நான் ஏறிப் போய்ப் பேசினேன். இருட்டில் நாலு வார்த்தை பேசிய பிறகுதான் ஹெல்மெட் தெரிந்தது.

ஸ்வீட் கார்னைப் பறிக்க ஒரு பதம் உண்டு. பட்டு காய்ந்து பழுப்பானதும் முத்தை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். பால் வந்தால் அன்றைக்கே பறித்துவிட வேண்டும். விட்டால் சர்க்கரையெல்லாம் மாவாகிவிடும். மிராசுதாருக்கு நகம் வைக்க மனசு வரவில்லை. தவிர, நவராத்திரிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கொலுவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொந்த விளைச்சலில் சுண்டல் என்று வாட்ஸப் குழுவில் அறிவித்தாகிவிட்டது.

அறுவடையில் பதினொரு கதிர். கிளி எடுத்தது மூன்று, அணில் இரண்டு. மிஞ்சிய ஆறில் நாலு, பல் விழுந்த தாத்தா சிரிக்கிற மாதிரி இருந்தன. ஒழுங்கான ஒரு கதிரைக் கையில் வைத்துக்கொண்டு முத்து வரிசைகளை எண்ணினார். "பதினாலு! இரட்டைப்படை. நல்ல சகுனம் சார்!" எந்த மக்காச்சோளக் கதிரை எண்ணினாலும் இரட்டைப்படைதான் வரும், அதன் அமைப்பே அப்படி. இதையும் நான் சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜையன்று அவர் வீட்டில் கொலு. ஒரு கிலோ கொண்டைக்கடலை. அதில் ஆறு கதிரின் முத்துகளைக் கலந்து, தேங்காய், மாங்காய், பெருங்காயம் போட்டுத் தாளித்திருந்தார் அம்மாள். கையில் தொன்னை வந்தது. கடலைக்கு நடுவே தேடினேன். மூன்று இருந்தன, மஞ்சளாக. மிராசுதார் பொம்மைகளுக்கு முதுகைக் காட்டி, என் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடலையை மென்றபோது அவர் முகத்தில் ஒன்றுமில்லை. முத்து வாய்க்குள் போனதும் கண் விரிந்தது.

மாவாக இருந்தது. கொஞ்சம் கெட்டி.

"இனிப்பா இருக்கு சார்" என்றேன். ஓதம் பற்றிப் பேசலாம் என்றுதான் வந்திருந்தேன். பேசவில்லை.

அவர் இன்னொரு தொன்னையை எடுத்துக்கொண்டு கீழே போனார். நானும் கூடப் போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்று வாங்கி, ஒரு முத்தை விரலால் பொறுக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படிண்ணே?"

"நல்லா இருக்கு சார்" என்றார் அவர். தொன்னையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "மச்சானுக்கு அடுத்த லோடு எப்பச் சொல்லட்டும்?"